துத்தியும் பருத்தியும்

நம் சங்கத்தில் பருத்தி விளைவிப்போரும் உளர்; அதன் நூலைத் தறியில் ஏற்றுவோரும் உளர். இரு சாராரும் நாள்தோறும் கடந்து செல்லும் செடி துத்தி. வரப்பிலும் வேலியோரத்திலும் தானே முளைத்துப் பிற்பகலில் மஞ்சள் பூவை விரிக்கும் இதனை எவரும் பொருட்படுத்துவதில்லை. இதன் குலத்தை அறிந்தவரோ பருத்திக் கொல்லையருகே இதனை விட்டுவைக்கமாட்டார்.

செம்பருத்திப் பூ ஒன்றையும் துத்திப் பூ ஒன்றையும் அருகருகே வைத்துப் பாருங்கள். இரண்டிலும் மகரந்தத் தாள்கள் ஒன்றுகூடிக் குழலாகிச் சூல்தண்டைச் சூழ்ந்து நிற்கும். பருத்தி, வெண்டை, பூவரசு ஆகியவற்றின் பூக்களிலும் இதே அமைப்புத்தான். மால்வேசியே குடும்பத்தின் தலையாய அடையாளம் இது.

வேற்றுமைகளும் உண்டு. பருத்திப் பூவின் புல்லிவட்டத்துக்கு வெளியே மற்றொரு வட்டம் இருக்கும். துத்திக்கு அது கிடையாது. பருத்திக் காய் வெடித்துப் பஞ்சைக் காட்டும். துத்திக் காயோ பற்சக்கரம் போன்றது. முற்றியபின் கூறு கூறாகப் பிரியும். லின்னேயஸ் 1756இல் இதனைக் குறுந்தட்டியின் இனமாகிய சைடாவில் சேர்த்தார். சைடாவின் ஒவ்வொரு கூறிலும் ஒரே விதை. துத்தியிலோ ஒன்றுக்கு மேற்பட்டவை. 1826இல் ராபர்ட் ஸ்வீட் இதனை அபூட்டிலான் இனத்துக்கு மாற்றினார். அபூட்டிலான் இண்டிகம் என்பதே இன்றும் வழங்கும் பெயர்.

இவ்வாராய்ச்சி உழவனுக்கு எதற்கு எனலாம். நூலோர் பூவைப் பிரித்துக் கண்ட உறவைப் பூச்சிகள் நெடுங்காலம் முன்பே கண்டுகொண்டன! பருத்தியின் குருத்தையும் காயையும் துளைக்கும் புள்ளிக் காய்ப்புழு, சாறுறிஞ்சும் அசுவினி, தண்டினுள் குடையும் கூன்வண்டு ஆகியவை துத்தியிலும் வாழும். அறுவடை முடிந்து பருத்தி மாரை நாம் பிடுங்கிய பின்னும் வரப்புத் துத்தியில் அவை உயிர்பிழைத்து, அடுத்த விதைப்புக்குக் காத்திருக்கும். 2005ஆம் ஆண்டை ஒட்டி நம் நாட்டுப் பருத்தியில் பரவிய மாவுப்பூச்சிக்கும் துத்தி புகலிடமே. சென்னை மாகாணத்தில் 1919இல் பயிர்ப்பூச்சி, நோய்ச் சட்டம் இயற்றப்பட்டது. மாரைக் காலத்தில் பிடுங்குவதற்கு அச்சட்டம் பயன்பட்டது. ஆனால் மாரை மட்டும் பிடுங்கி, அதன் உறவினரை வரப்பில் விட்டுவைப்பது அரைவேலை.

ஆகவே விதைப்புக்கு முன்பே துத்தியை வேரோடு களைய வேண்டும். களைந்ததை வாய்க்காலில் எறிதல் ஆகாது. மாவுப்பூச்சி நீரோடு சென்று அடுத்தவர் வயலையும் சேரும். ஒருவர் களைந்து மற்றவர் களையாவிடில் பயன் குறைவாதலால், ஒரு மடையில் நீர் பாய்ச்சுவோர் யாவரும் ஒரே வாரத்தில் செய்வது நன்று. மூலநோய்க்குத் துத்தியிலையைப் பயன்படுத்தும் வீட்டார், பருத்திக் கொல்லைக்கு எட்டாத புழைக்கடையில் ஒரு செடி வைத்துக்கொள்ளலாம். அதன் குருத்தையும் அடிக்கடி புரட்டிப் பார்த்துவர வேண்டும்.