பழைய டாட்சன் 240 இசட்: கிடைக்காத எக்ஸாஸ்ட் பாகங்களை மாற்றுவது எப்படி?

1969 அக்டோபரில் ஜப்பானில் ஃபேர்லேடி இசட் என்றும், அமெரிக்காவில் டாட்சன் 240 இசட் என்றும் அறிமுகமான காரை இன்றும் ஓட்டிக்கொண்டிருப்பவர்கள் ஏராளம். 2,393 சி.சி. ஆறு சிலிண்டர் எஞ்சின். நன்றாகப் பராமரித்தால் சலிக்காமல் உழைக்கும். அதற்கான கேஸ்கெட்டும் பேரிங்கும் வாங்குவது பெரிய வேலை இல்லை. அலைய வைப்பது எக்ஸாஸ்ட்தான்: வார்ப்பிரும்பு மேனிஃபோல்ட், அதிலிருந்து கீழே இறங்கும் குழாய், பின்னால் தொங்கும் சைலன்சர். பெட்ரோல் எரியும்போது தண்ணீரும் உண்டாகிறது. கடைக்குப் போய்வரும் தூரம் மட்டுமே ஓடும் காரில் அந்த ஈரம் ஆவியாவதற்குள் எஞ்சினை நிறுத்திவிடுகிறோம். அது சைலன்சருக்குள் தேங்கி உள்ளிருந்தே அரிக்கிறது. பனிக்கு உப்பு தூவும் ஊர்களில் வெளியிலிருந்தும் அரிக்கும்.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மேனிஃபோல்ட்டை எப்பாடுபட்டாவது அசலாகவே காப்பாற்றுங்கள். அதற்குப் பின்னால் உள்ள எல்லாவற்றையும் தயங்காமல் புதிதாகச் செய்துகொள்ளுங்கள். பலர் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள். அசல் சைலன்சரைத் தேடி மாதக்கணக்கில் காரை நிறுத்தி வைக்கிறார்கள். நல்ல மேனிஃபோல்ட்டைக் கழற்றிப் போட்டுவிட்டு, பளபளப்பான குழாய் ஹெடர் ஒன்றை மாட்டுகிறார்கள்.

தேடலை எண்ணிலிருந்து தொடங்குங்கள். டாட்சன் கார்களைத் தயாரித்த நிசானின் பழைய பாக எண்களில் முதல் ஐந்து இலக்கம் பாகத்தின் வகையையும், அடுத்த ஐந்து அதன் வடிவத்தையும் குறிக்கும். 14004 என்றால் எக்ஸாஸ்ட் மேனிஃபோல்ட். 20100 என்றால் சைலன்சர். பின்பாதி எண் வேறாக இருந்தால் பாகமும் வேறு என்றே கொள்ளுங்கள். விற்பவர் "இசட் காருக்குச் சேரும்" என்று சொல்வதை மட்டும் நம்பிப் பணம் கொடுக்காதீர்கள். பின்னால் வந்த 260 இசட், 280 இசட் கார்களும் இதே குடும்ப எஞ்சின்தான் என்றாலும் சிலிண்டர் ஹெட் மாறிக்கொண்டே வந்தது. ஹெட்டில் வார்க்கப்பட்டிருக்கும் எழுத்தைப் பாருங்கள். இ31, இ88, என்42 ஹெட்களில் புகை வெளியேறும் துளை சதுரம். என்47, பி79 ஹெட்களில் அது வட்டம், உள்ளே உலோக உறையும் இருக்கும். ஐம்பது ஆண்டுகளில் உங்கள் காருக்கு யாராவது வேறு ஹெட் மாற்றியிருக்கலாம். ஆகவே ஆர்.சி.யில் உள்ள ஆண்டை விட்டுவிட்டு ஹெட்டைப் பார்த்து வாங்குங்கள்.

இனி கழற்றும் வேலை. காரை ஜாக்கியில் மட்டும் நிறுத்திவிட்டு அடியில் படுக்கவே கூடாது. நான்கு பக்கமும் ஸ்டாண்டு கொடுங்கள். முந்தின நாளே எல்லா நட்டுகளுக்கும் துரு இளக்கும் எண்ணெய் அடித்து ஊற விடுங்கள். சைலன்சரைக் கழற்றும் முன், அது தொங்கும் நிலையிலேயே பல கோணங்களில் படமெடுங்கள். கியர்பாக்ஸ், டிஃபரென்ஷியல், தரைத்தகடு, பம்பர் ஆகியவற்றிலிருந்து குழாய் எத்தனை மில்லிமீட்டர் தள்ளி இருக்கிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். நீங்கள் செய்யப்போகும் புதுக் குழாய்க்கு அந்தத் துருப்பிடித்த பழைய குழாய்தான் வரைபடம். அதை அறுத்துத் துண்டு துண்டாக இழுத்து எடுப்பது சுலபம்தான், ஆனால் வளைவுகளின் கோணம் போய்விடும். அறுத்தே ஆகவேண்டும் என்றால் நேரான பகுதியில் மட்டும் அறுத்து, இருபுறமும் அடையாளக் கோடு போட்டுவிடுங்கள்.

மேனிஃபோல்ட் நட்டுகளுக்கு வந்ததும் அவசரம் கூடாது. இந்த எஞ்சினில் ஹெட் அலுமினியம், மேனிஃபோல்ட் வார்ப்பிரும்பு, ஸ்டட் எஃகு. சூடேறும்போது மூன்றும் மூன்று அளவில் விரிகின்றன. நீளமான மேனிஃபோல்ட்டின் இரு முனைகளிலும்தான் இழுப்பு அதிகம். அதனால் முனையில் உள்ள ஸ்டட்கள், குறிப்பாக ஆறாவது சிலிண்டர் பக்கத்து ஸ்டட், முறிவது இந்தக் காரின் பழைய வியாதி. நட்டு இறுகி நின்றால் ஸ்பேனரில் குழாய் மாட்டி இழுக்காதீர்கள். கொஞ்சம் இறுக்கி, கொஞ்சம் தளர்த்தி, எண்ணெய் விட்டு, மறுபடியும் இறுக்கி, தளர்த்தி என்று மெதுவாகப் போங்கள். அதற்கும் அசையாவிட்டால் நட்டை மட்டும் சூடாக்கலாம். இதே பக்கத்தில்தான் கார்புரேட்டர்கள் இருக்கின்றன. ஆகவே அவற்றைக் கழற்றி, பெட்ரோல் குழாயை அடைத்து, காற்றோட்டம் பார்த்து, தீயணைப்பானைப் பக்கத்தில் வைத்த பிறகே நெருப்பைக் கையில் எடுக்க வேண்டும்.

ஸ்டட் முறிந்தே விட்டதா? மிச்சம் வெளியே நீட்டிக்கொண்டிருந்தால் அதன் மேல் ஒரு நட்டை வைத்து, துளைக்குள் வெல்டிங் செய்து, சிவப்பு தணிந்த பிறகு மெல்லத் திருப்பினால் பெரும்பாலும் வந்துவிடும். வெல்டிங் சூடே பாதி வேலையைச் செய்துவிடுகிறது. ஹெட்டோடு ஒட்ட முறிந்திருந்தால் நடுமையத்தில் பஞ்ச் அடித்து, இடதுபக்கம் சுற்றும் டிரில் பிட்டால் துளையிட வேண்டும். மையம் விலகினால் பிட் மென்மையான அலுமினியத்துக்குள் ஓடிவிடும். அதன்பின் ஹெட்டையே இறக்க வேண்டியதுதான். கை நிதானம் இல்லாதவர்கள் இந்த ஒரு வேலையை மட்டும் நல்ல லேத் பட்டறைக்காரரிடம் விடுவது மேல். மரை போயிருந்தால் ஹெலிகாயில் என்ற சுருள் மரையைப் போட்டுச் சரிசெய்யலாம். முறிந்தது ஒன்றே என்றாலும் எல்லா ஸ்டட்களையும் புதிதாக மாற்றுங்கள்.

கழற்றிய மேனிஃபோல்ட்டைச் சுத்தம் செய்து, எஃகு ஸ்கேலை ஆறு துளைகளின் முகத்திலும் படும்படி நீளவாக்கில் வைத்து, இடுக்கில் ஃபீலர் கேஜ் விட்டுப் பாருங்கள். வளைந்திருந்தால் எத்தனை புது கேஸ்கெட் போட்டாலும் புகை கசியும். பட்டறையில் முகத்தைச் சீவிச் சமமாக்கலாம். விரிசல் இருந்தாலும் மனம் தளர வேண்டாம். வார்ப்பிரும்பை முழுவதும் சூடேற்றி, நிக்கல் ராடால் சிறிது சிறிதாக வெல்டிங் செய்து, சாம்பலிலோ மணலிலோ புதைத்து மெதுவாக ஆறவிட்டால் நிற்கும். குளிர்ந்த வார்ப்பிரும்பில் சாதா ராடை ஓட்டும் பட்டறையில் கொடுத்தால், விரிசலுக்குப் பக்கத்திலேயே இன்னொரு விரிசல் விடும்.

அடுத்தது, இந்த எஞ்சினுக்கே உரிய ஒரு நுணுக்கம். காற்று உள்ளே போகும் மேனிஃபோல்ட்டும் புகை வெளியேறும் மேனிஃபோல்ட்டும் ஹெட்டின் ஒரே பக்கத்தில், ஒரே கேஸ்கெட்டின் மேல் உட்காருகின்றன. சில இடங்களில் ஒரே தடித்த வாஷர் இரண்டு ஃபிளாஞ்சுகளையும் சேர்த்துப் பிடிக்கிறது. ஒன்றின் ஃபிளாஞ்ச் தடிமன் மற்றதைவிடக் குறைந்தால் வாஷர் சாய்ந்து, தடித்த பக்கம் மட்டும் இறுகும். மெல்லிய பக்கம் கசியும். ஹெடர் மாட்டியவர்களில் பலர் மாற்றி மாற்றி கேஸ்கெட் போட்டும் "டிக் டிக்" சத்தம் போகவில்லை என்று புலம்புவதற்கு முக்கியக் காரணம் இதுதான். முகம் சீவிய மேனிஃபோல்ட்டுக்கும் இந்தச் சிக்கல் வரும். இரண்டு ஃபிளாஞ்சுகளையும் வெர்னியரால் அளந்து, வித்தியாசம் இருந்தால் அதற்கேற்பப் படி வெட்டிய வாஷரை லேத்தில் செய்துகொள்ளுங்கள். மாட்டும்போது நடுவிலிருந்து இரு முனைகளை நோக்கி, இரண்டு மூன்று சுற்றாக, சர்வீஸ் மேனுவலில் உள்ள அளவுக்கு டார்க் ரெஞ்சால் இறுக்குங்கள். மரைகளில் சூடு தாங்கும் ஆன்டி சீஸ் பசை தடவினால் அடுத்த முறை கழற்றுபவர் உங்களை வாழ்த்துவார்.

கார்புரேட்டருக்கும் மேனிஃபோல்ட்டுக்கும் இடையில் இருக்கும் வெப்பத் தடுப்புத் தகட்டைத் தவறாமல் திரும்ப மாட்டுங்கள். அது இல்லாவிட்டால் கோடைகால நெரிசலில் பெட்ரோல் கொதித்து எஞ்சின் அணைந்துபோகும்.

இனி குழாய். அசல் எஞ்சினுக்கு 2 முதல் 2¼ அங்குலம் போதும். இரண்டரை அங்குலம், மாற்றங்கள் செய்து சக்தி கூட்டிய எஞ்சினுக்கு. சும்மா பெரிதாக்கினால் கூடுவது இரைச்சல்தான். உலோகத்தில் மூன்று தேர்வு உண்டு. அலுமினியம் பூசிய எஃகு மலிவு, சத்தமும் மென்மை, ஆனால் வெல்டிங் செய்த இடத்தில் பூச்சு போய்த் துருப்பிடிக்கும். 409 ஸ்டெயின்லெஸ் நிறம் மங்கினாலும் பல ஆண்டு தாங்கும். 304 அழகானது, நீண்ட நாள் உழைக்கும். ஆனால் சூட்டில் 409ஐவிட ஏறக்குறைய ஒன்றரை மடங்கு நீளும். அந்த நீட்சிக்கு இடம்விட்டுத் தொங்கவிட வேண்டும். தினமும் ஓடாத, வருடத்தில் பாதி நாள் நிற்கும் காருக்கு நான் 409ஐயே சொல்வேன்.

வளைவுகளை மாண்ட்ரல் வைத்து வளைக்கும் பட்டறையில் செய்யுங்கள். சாதாரண பிரஸ்ஸில் வளைத்தால் உள்பக்கம் நசுங்கிக் குழாய் குறுகிவிடும். பழைய ஃபிளாஞ்சின் வாயில் அட்டையை வைத்துத் தட்டி அச்செடுத்து, அதன்படி கனமான தகட்டில் புதிய ஃபிளாஞ்ச் வெட்டச் சொல்லுங்கள். முதலில் எல்லாத் துண்டுகளையும் காரின் கீழேயே பொருத்தி, ஆங்காங்கே டாக் வெல்டிங் மட்டும் வைக்க வேண்டும். பேட்டரி இணைப்பைக் கழற்றிவிட்டு, பெட்ரோல், பிரேக் குழாய்களை மறைத்த பிறகே இதைச் செய்ய வேண்டும். பிறகு கழற்றி மேசையில் வைத்து முழு வெல்டிங். ஸ்டெயின்லெஸ் என்றால் டிக் வெல்டிங், குழாயின் உள்ளேயும் ஆர்கான் வாயு விட்டு. தொங்கு ரப்பர்களைப் புதிதாகப் போடுங்கள். எஞ்சின் ஆடும்போது குழாயும் சேர்ந்து ஆட வேண்டும். எங்காவது இறுக்கிப் பிடித்துக் கட்டினால் அந்தப் பாரமெல்லாம் மேனிஃபோல்ட் ஸ்டட்டில் போய் விழும்.

வால்குழாயின் நீளம் இந்தக் காரில் உயிர் சம்பந்தப்பட்டது. பின்புறம் சரிந்து வெட்டிய உடலமைப்பால், ஓடும்போது காருக்குப் பின்னால் காற்றழுத்தம் குறைந்து, புகை திரும்பப் பின்கதவு இடுக்கு வழியாக உள்ளே வரும். 240 இசட் உரிமையாளர்கள் எல்லோரும் அறிந்த தொல்லை இது. வால்குழாய் பம்பரைத் தாண்டி வெளியே நீட்டிக்கொண்டிருக்க வேண்டும்; அழகுக்காக உள்ளே தள்ளி வெட்டக் கூடாது. பின்கதவின் ரப்பர், பின்விளக்குகளின் கேஸ்கெட், தரையில் உள்ள துளை மூடிகள் எல்லாவற்றையும் இதே சமயத்தில் மாற்றிவிடுங்கள்.

சட்டத்தையும் பார்த்துக்கொள்ளுங்கள். கலிஃபோர்னியாவில் 1975 வரையிலான மாடல்களுக்குப் புகைச் சோதனை இல்லை. 1976 முதலான 280 இசட் வைத்திருப்பவர்கள், புகை வெளியேற்றத்தைப் பாதிக்கும் பாகங்களை அசலிலிருந்து மாற்றினால், அந்த மாநில அனுமதி எண் பெற்றவற்றையே மாட்ட வேண்டும். மற்ற ஊர்க்காரர்கள் வேலையைத் தொடங்கும் முன் உள்ளூர் விதியை விசாரியுங்கள்.

எல்லாம் மாட்டியபின், எஞ்சினை ஓட்டாமலே வால்குழாயில் ஊதுகுழாயால் காற்று செலுத்தி, ஒவ்வொரு இணைப்பிலும் சோப்பு நீர் தடவுங்கள். குமிழ் வரும் இடம்தான் கசிவு. முதல் முறை எஞ்சினைத் திறந்த வெளியில் ஓடவிட்டு, முழுதும் ஆறிய பிறகு மேனிஃபோல்ட் நட்டுகளை மறுபடி சரிபாருங்கள். சில நாள் ஓட்டியபின் இன்னொரு முறை. கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் மணமும் கிடையாது. ஆகவே புகை வாசனை வரவில்லை என்பதை வைத்து நிம்மதி அடையாதீர்கள். பேட்டரியில் ஓடும் கையடக்கக் கண்டறி கருவியைப் பக்கத்து இருக்கையில் வைத்து, கண்ணாடிகளை மூடியும் திறந்தும், நெடுஞ்சாலை வேகத்தில் ஓட்டிப் பாருங்கள். அது அமைதியாக இருப்பதை உறுதி செய்யும்வரை வேறு யாரையும் அந்தக் காரில் ஏற்றாதீர்கள்.