விரதம் முடிந்த மறுநாள்

கார்த்திகை முதல் நாளில் மாலை அணிந்த ஐயப்ப பக்தர் 41 நாட்கள் மதுவைத் தொடுவதில்லை. மகாராஷ்டிரத்தில் சிராவண மாதம் முழுவதும் மதுவையும் மாமிசத்தையும் விலக்குவோர் பலர். ஆண்டு முழுவதும் குடித்தவர் அந்நாட்களில் தெளிவாக இருப்பதைக் கண்டு குடும்பத்தார் நெஞ்சம் குளிர்கின்றனர். ஆனால் மாலையைக் கழற்றியதும் சிலருடைய கை மீண்டும் மதுவை நாடுகிறது. "அப்போது விட முடிந்தவருக்கு இப்போது ஏன் முடியவில்லை? மன உறுதி இல்லாதவர்" என்று வீட்டார் தீர்ப்புச் சொல்லிவிடுகின்றனர்.

அத்தீர்ப்பு சரியன்று. விரத நாட்களில் அவரைக் காத்தது அவருடைய உறுதி மட்டுமன்று. வழிகாட்டக் குருசாமி இருந்தார். உடன் மாலை அணிந்தோர் இருந்தனர். விடியற்கால நீராடலும் கூட்டு பஜனையும் இருந்தன. ஊரே அவரைச் 'சாமி' என்று அழைத்தது. மாலை கழன்றதும் இவையனைத்தும் ஒரே நாளில் விலகிவிடுகின்றன. அவர் இழந்தது துணையை. அத்துணையை ஆண்டு முழுவதும் தரும் இடம் உண்டா என்பதே கேட்க வேண்டிய கேள்வி.

முதலில் மருத்துவர்

மத்திய சமூக நீதி அமைச்சகத்துக்காக எய்ம்ஸ் நடத்தி 2019-இல் வெளியான ஆய்வின்படி, நம் நாட்டில் மது அருந்துவோர் சுமார் 16 கோடிப் பேர். அவர்களுள் ஏறத்தாழ 5.7 கோடிப் பேருக்கு அப்பழக்கத்திலிருந்து மீள உதவி தேவைப்படுகிறது. குடிக்கு அடிமையாதல் ஒரு நோய். நெடுங்காலம் மிகுதியாகக் குடித்தவர் திடீரென நிறுத்தினால் கை நடுக்கம், வலிப்பு, மனக்குழப்பம் ஆகியவை தோன்றலாம். உயிருக்கே ஆபத்து நேரலாம். ஆகவே விரதத்திற்காக நிறுத்துபவராயினும் மருத்துவரைக் கலந்தே நிறுத்த வேண்டும்.

இருவர் தொடங்கிய கூட்டம்

மருத்துவம் உடலைத் தெளிவிக்கிறது. அதன்பின் வரும் நாட்களுக்கான துணையை 1935-இல் அமெரிக்காவின் ஆக்ரன் நகரில் இருவர் கண்டறிந்தனர். பங்குத் தரகரான பில் வில்சன் குடியை விட்டுச் சில மாதங்களே ஆகியிருந்தன. தொழில் முயற்சி தோற்றுப்போய், தங்கிய விடுதியில் குடிக்கும் ஆசை எழுந்தபோது, தம்மைப் போன்ற மற்றொரு குடிநோயாளியைத் தேடித் தொலைபேசியில் பலரை அழைத்தார். அவ்வாறு சந்தித்தவரே அறுவை மருத்துவர் பாப் ஸ்மித். ஒருவர் துயரை மற்றவர் கேட்டபோது இருவருக்கும் வலிமை பிறந்தது. அதிலிருந்து வளர்ந்ததே 'ஏ.ஏ.' எனப்படும் ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ். இந்தியாவில் அது 1957-இல் மும்பையில் வேரூன்றியது.

கூட்டத்தைக் கண்டறிதல்

ஏ.ஏ. அமைப்பின் இந்திய இணையதளத்தில் ஊர்வாரியாகக் கூட்ட விவரங்கள் கிடைக்கின்றன. இணைய வசதி இல்லாதவர் அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவிலோ குடிநோய் சிகிச்சை மையத்திலோ விசாரிக்கலாம். 14446 என்ற கட்டணமில்லாத தேசியப் போதை மீட்பு உதவி எண்ணிலும் ஆலோசனை பெறலாம். அருகில் கூட்டம் இல்லாத ஊரினர் இணையவழிக் கூட்டங்களில் சேரலாம்.

விசாரிக்கும்போது கூட்டம் எம்மொழியில் நடக்கிறது, அது திறந்த கூட்டமா என்ற இரண்டையும் கேட்டறிய வேண்டும். திறந்த கூட்டத்திற்குக் குடும்பத்தாரும் செல்லலாம். மற்றது குடியை விட விரும்புவோருக்கு மட்டுமே உரியது. பள்ளி வகுப்பறை, தேவாலயக் கூடம், மருத்துவமனை அறை என எங்கும் கூட்டம் நடைபெறலாம். இடத்தைக் கண்டு அது ஒரு மதத்தாருக்குரியது என எண்ண வேண்டியதில்லை. உறுப்பினர் ஒவ்வொருவரும் தாம் அறிந்தவாறே மேலான சக்தியைச் சரணடைகின்றனர்.

அங்கே கட்டணம் இல்லை. முழுப்பெயரோ முகவரியோ தர வேண்டியதில்லை. குடியை விடவேண்டும் என்ற விருப்பம் ஒன்றே தகுதி. பேசத் தயங்குபவர் கேட்டுக்கொண்டு மட்டும் இருக்கலாம். ஒரு கூட்டம் மனத்திற்கு ஒவ்வாவிடில் வேறொன்றுக்குச் சென்று பார்க்க வேண்டும். வீடு திரும்புமுன் மூத்த உறுப்பினர் ஒருவருடைய தொலைபேசி எண்ணைப் பெற்றுக்கொள்வது நலம். ஆசை எழும் வேளையில், முதல் குவளைக்கு முன்பே அழைப்பதற்கு அது உதவும்.

இவ்வழி பயன் தருகிறதா என்று ஐயுறுவோர்க்கு ஆய்வும் விடை தருகிறது. 27 ஆய்வுகளை ஒருங்கே மதிப்பிட்டு 2020-இல் வெளியான காக்ரேன் அறிக்கை, ஏ.ஏ. கூட்டங்களில் ஈடுபடச் செய்யும் சிகிச்சை முறைகள் தொடர்ந்து குடியாதிருக்கப் பிற முறைகளைவிட மிகுதியாக உதவக்கூடும் எனக் கண்டது. எனினும் எல்லோரும் ஒரே முயற்சியில் மீள்வதில்லை. தவறி மீண்டும் குடித்தவரையும் அக்கூட்டம் வரவேற்கிறது.

குடும்பத்தாரின் கடமை

குடிப்பவரின் துணைவிக்கும் பிள்ளைகளுக்கும் ஆறுதல் தேவை. அவர்களுக்கென 1951-இல் தொடங்கப்பட்ட ஆல்-அனான் கூட்டங்கள் இந்தியாவிலும் நடைபெறுகின்றன. குடிப்பவர் வர மறுத்தாலும் வீட்டார் அங்கே செல்லலாம்.

குழந்தையின் தலையில் கைவைத்துச் சத்தியம் வாங்குவதால், அது மீறப்படும்போது அவருக்குக் குற்ற உணர்வே மிகுகிறது. அதற்கு மாறாக, விரதம் நிறைவுறும் முன்பே அருகிலுள்ள கூட்டத்தின் இடம், நாள், நேரம் ஆகியவற்றைக் குறித்து வைக்கலாம். மாலை கழற்றும் வாரத்திலேயே அவருடன் அவ்வாசல்வரை நடந்து செல்லலாம். உள்ளே செல்வது அவருடைய கடமை. வாசல்வரை உடன் செல்வது அன்புடையார் செய்யக்கூடிய தொண்டு.