ஆச்சியின் உயரத்தை அளந்து பாருங்கள்

பேசாலைக் கரையில் குனிந்திருந்து வலையில் மீன் கழற்றியும், கருவாட்டுக் கடகம் சுமந்தும் உழைத்த பெண்கள் அறுபது தாண்டியதும் "நாரி நோகுது" என்பார்கள். "வயசு போனால் அப்படித்தான்" என்று வீட்டார் விட்டுவிடுவார்கள். அந்த நோ சிலருக்கு முள்ளந்தண்டு முறிவு. மாதவிடாய் நின்றபின் எலும்பு நலிந்தவருக்கு, விழாமலே, தண்ணீர்க் குடம் தூக்கும்போதுகூட முள்ளெலும்பு நசுங்கிவிடும். இத்தகைய முறிவுகளில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு கண்டுபிடிக்கப்படாமலே போகின்றன.

செய்ய வேண்டியவை

• ஆச்சியைச் சுவரோடு நிறுத்தி உயரத்தைக் குறியுங்கள். இளவயது உயரத்தைவிட 4 சென்ரிமீற்றர் குறைந்திருந்தாலோ, இன்றைய குறியிலிருந்து பின்னர் 2 சென்ரிமீற்றர் இறங்கினாலோ வைத்தியரிடம் சொல்லுங்கள். குதியும் முதுகும் சுவரில் பட நின்றும் பின்தலை எட்டவில்லையென்றால் அதையும் சொல்லுங்கள்.

• முதுகைப் பக்கவாட்டில் எக்ஸ்ரே எடுக்கலாமா என்று கேளுங்கள். முள்ளெலும்பின் உயரம் ஐந்தில் ஒரு பங்காவது குறைந்திருந்தால் முறிவு என்று கொள்வது வழக்கம். ஆனால் எதிலிருந்து குறைந்தது? ஆசியப் பெண்களின் முள்ளெலும்புகள் பொதுவாக ஐரோப்பியப் பெண்களுடையதைவிடச் சிறியவை. ஐரோப்பியரின் அளவுகோலை அப்படியே வைத்தால் சிறிய எலும்பும் முறிந்ததாகத் தோன்றும். அதனால் அதே முதுகில் மேலும் கீழும் உள்ள எலும்புகளோடு ஒப்பிட்டுப் பார்ப்பதே நியாயம். சிறிய உடம்பு, நமக்கு இந்த வருத்தம் வராது என்றும் இருக்கவேண்டாம். பெய்ஜிங், ஹொங்கொங் ஆய்வுகளில் இடுப்பு முறிவு வெள்ளையினப் பெண்களைவிடக் குறைவாக இருந்தது. முள்ளந்தண்டு முறிவோ கிட்டத்தட்ட அவர்களுக்குச் சமம்.

• நெத்தலியை முள்ளோடு சாப்பிடுங்கள், குரக்கனையும் சேருங்கள். கருவாடு அளவோடு போதும். உப்புக் கூடினால் கல்சியம் சிறுநீரோடு போகும்.

• கால் மரத்தால், பலமிழந்தால், சிறுநீர் கட்டுப்படாவிட்டால் அன்றே மன்னார் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள்.

செய்யக்கூடாதவை

• நாரி நோவுக்குப் பேரப்பிள்ளையை முதுகில் ஏறி மிதிக்க விடாதீர்கள். நலிந்த எலும்புக்கு அந்தச் சின்னக் காலே போதும்.

• இடுப்பை வளைத்துக் குடம் தூக்காதீர்கள். முழங்காலை மடக்கி, பாதிக்குடமாகத் தூக்குங்கள். தூக்க வேறு ஆள் இருந்தால் அதைவிட நல்லது.

• வாரக்கணக்கில் பாயிலேயே கிடக்காதீர்கள்; எலும்பு இன்னும் நலியும்.

• தொய்வுக்கோ மூட்டுவாதத்துக்கோ ஸ்ரெரொயிட் குளிசை மூன்று மாதத்துக்கு மேல் எடுப்பவர்கள் அதைத் தாங்களாக நிறுத்தக்கூடாது. எலும்புக்கு என்ன பாதுகாப்பு என்று வைத்தியரைக் கேளுங்கள்.

அடுத்த முறை பிரஷர் கிளினிக்குக்குப் போகும்போது, ஆச்சியின் உயரத்தையும் கிளினிக் கொப்பியில் எழுதித் தரச் சொல்லுங்கள்.