முகவரி தொலைந்தால் அக்காவும் தொலைவாள்!

நண்பர்களே, ஒரு சின்ன டெஸ்ட். உங்க போன் தண்ணியில விழுந்துடுச்சுன்னு வச்சுக்கோங்க. பக்கத்துல இருக்கிறவர்கிட்ட போன் வாங்கி உங்க அக்காவுக்கோ தங்கைக்கோ கூப்பிட முடியுமா? நம்பர் மனப்பாடமா தெரியுமா? "தெரியாதே" என்பவர்களுக்குத்தான் இந்தக் கட்டுரை. 19ஆம் நூற்றாண்டில் அயர்லாந்திலிருந்து அமெரிக்காவுக்கு வேலைக்குப் போன அக்கா தங்கைகளுக்கு இதே சிக்கல் இருந்தது. ஆனால் அவர்களுக்கு அது வாழ்நாள் பிரிவாக முடியக்கூடிய சிக்கல்.

ஏன் கிளம்பினார்கள்?

1845 முதல் 1852 வரை அயர்லாந்தில் உருளைக்கிழங்குப் பயிர் நோயால் பெரும் பஞ்சம். சுமார் 10 லட்சம் பேர் இறந்தார்கள். அதே அளவு மக்கள் நாட்டை விட்டுப் போனார்கள். பஞ்சம் முடிந்த பிறகும் புலம்பெயர்வு நிற்கவில்லை. நிலம் ஒரு மகனுக்கு, சீதனம் ஒரு மகளுக்கு என்பதே பல குடும்பங்களின் நிலை. மற்ற பிள்ளைகளுக்கு ஊரில் வழியில்லை. அதனால் ஐரோப்பாவின் வேறு எந்த நாட்டிலும் பார்க்க முடியாத அளவுக்கு, கல்யாணமாகாத இளம்பெண்கள் தனியாகக் கப்பல் ஏறினார்கள்.

கிளம்பும் முந்தின இரவு ஊரே கூடும். அந்தக் கூட்டத்துக்கு 'அமெரிக்க இழவு' என்று பெயர். போனவர் திரும்ப மாட்டார் என்பதால், உயிரோடு இருப்பவருக்கே ஊர் கூடி இழவு காத்தது.

முதலில் அக்கா போவாள். வேலை பார்த்துக் காசு சேர்த்து, தங்கைக்குக் கப்பல் டிக்கெட் எடுத்து அனுப்புவாள். அந்தத் தங்கை அடுத்தவளுக்கு அனுப்புவாள். இப்படியே சங்கிலி நீளும்.

ஒரே நாடு, தனித்தனி வீடு

பெரும்பாலானோருக்குக் கிடைத்தது வீட்டு வேலை. முதலாளி வீட்டிலேயே தங்கணும். பல வீடுகளில் வியாழக்கிழமை மதியமும், ஒன்றுவிட்டு ஒரு ஞாயிறும்தான் ஓய்வு. அதனால் ஒரே ஊரில் இருந்தாலும் சேர்ந்து வாழ முடியாது. ஒருத்தி பாஸ்டனிலும் இன்னொருத்தி சிகாகோவிலும் இருந்தால் கடிதம் மட்டுமே வழி.

கடிதம் போடும் செலவு எவ்வளவு?

* 1845க்கு முன்: 400 மைலுக்கு மேல் போகும் ஒரு தாளுக்கு 25 சென்ட். இரண்டு தாள் என்றால் இரட்டிப்பு.
* 1845: அரை அவுன்ஸ் கடிதத்துக்கு 300 மைல் வரை 5 சென்ட், அதற்கு மேல் 10 சென்ட்.
* 1851: முன்பணம் கட்டினால் 3,000 மைல் வரை 3 சென்ட்.
* 1883: 2 சென்ட்.

மாதத்துக்குச் சில டாலரே சம்பளம் வாங்கிய பெண்ணுக்கு இது பெரிய மாற்றம். 1869இல் கிழக்கையும் மேற்கையும் ரயில் பாதை இணைத்தது. ஓடும் ரயிலிலேயே தபாலைப் பிரிக்கும் பெட்டிகளும் வந்தன. ஆக, தூரம் என்ற பிரச்சினையை எஞ்சினியரிங் ஓரளவு தீர்த்துவிட்டது.

தீராத பிரச்சினை: முகவரி

வேலைக்காரப் பெண்ணின் முகவரி அவளுடையது அல்ல, முதலாளியுடையது. வேலை மாறினால் முகவரியும் போச்சு. அடிக்கடி வேலை மாறுவது அன்று சாதாரணம். கல்யாணம் ஆனால் குடும்பப் பெயரும் மாறிவிடும்.

1863 வரை அமெரிக்க நகரங்களில் வீடு தேடி இலவசமாகத் தபால் வராது. நாமே தபால் நிலையம் போய்க் கேட்டு வாங்கணும். யாரும் வாங்காத கடிதங்களின் பெயர்ப் பட்டியலைப் பத்திரிகையில் போடுவார்கள். ஆனால் மேரி, பிரிட்ஜெட், கேத்தரின் என்ற பெயர்களில் ஒவ்வோர் ஊரிலும் எத்தனை பேர்! டேட்டாபேஸ் படித்தவர்களுக்குச் சட்டென்று புரியும்: பெயர் ஒரு நல்ல ப்ரைமரி கீ அல்ல.

அப்போ அவர்களுக்கு இருந்த பேக்கப் என்ன? அம்மா! இரண்டு மகள்களும் ஊருக்குக் கடிதமும் பணமும் அனுப்புவார்கள். வீட்டு முகவரி மாறாது. ஊரில் 'அமெரிக்கக் கடிதம்' வந்தால் சத்தமாகப் படிப்பார்கள், அக்கம்பக்கமும் கேட்கும். சிகாகோ தங்கையின் புது முகவரி அட்லாண்டிக்கைக் கடந்து அம்மாவிடம் போய், மறுபடி கடல் கடந்து பாஸ்டன் அக்காவுக்கு வரும். நெட்வொர்க் பாடத்தில் இதை ஹப் என்போம். ஹப்பில் இருக்கும் ஆபத்தும் தெரியும்தானே? அம்மா கண்ணை மூடினாலோ, அந்த வீடே காலியானாலோ, இரண்டு மகள்களும் ஒரே நாட்டில் இருந்துகொண்டே ஒருவரை ஒருவர் தொலைத்துவிடலாம்.

தொலைந்தவளைத் தேடுவது

அப்படித் தொலைத்தவர்களின் கடைசி நம்பிக்கை பத்திரிகை. 'பாஸ்டன் பைலட்' என்ற கத்தோலிக்க வார இதழ் 1831 தொடங்கி ஏறக்குறைய 90 ஆண்டுகள் 'காணாமல் போன நண்பர்கள்' என்ற தலைப்பில் தேடல் விளம்பரங்களை வெளியிட்டது. தேடப்படுபவர் எந்தக் கவுண்டி, எந்தப் பங்குக் கோயிலைச் சேர்ந்தவர், எந்த ஆண்டு கிளம்பினார், கடைசியாக எங்கே இருந்தார், தேடுவது யார் என்ற விவரங்கள் அவற்றில் இருக்கும். பெயர் போதாதபோது பல விவரங்களைச் சேர்த்து ஒரு ஆளை அடையாளம் காட்டுவது! நாம் காம்போசிட் கீ என்று மூன்றாவது செமஸ்டரில் படிப்பதை, வீட்டு வேலை செய்த பெண்கள் தேவையின் அழுத்தத்தில் பயன்படுத்தினார்கள்.

இந்த விளம்பரங்களை இன்று ஆய்வாளர்கள் தொகுத்திருக்கிறார்கள். ஒவ்வொன்றிலும் எழுதாத ஒரு வரி இருக்கிறது: "இத்தனை வருஷமாகியும் நான் உன்னைத் தேடுறேன்."

நமக்கு என்ன பாடம்?

தொடர்பு அறுவது தூரத்தால் மட்டும் அல்ல. ஒரே வழியை நம்பி இருப்பதாலும் அறுகிறது. அவர்களுக்கு அம்மாவின் வீடு. நமக்கு ஒரு சிம் கார்டு, ஒரு வாட்ஸ்அப் குரூப். நாளைக்கு நாமும் ஆளுக்கொரு ஊரில் வேலைக்குப் போகப்போறோம். அதனால இன்னைக்கு ஒரு சின்ன வேலை: அக்கா, தங்கை, அண்ணன், தம்பி நம்பரையும் முகவரியையும் ஒரு பேப்பர்ல எழுதி பர்ஸ்ல வைங்க. எழுதி முடிச்சதும் அந்த நம்பருக்கு ஒரு கால் பண்ணுங்க. "என்னடா விஷயம்?"னு கேட்பாங்க. "சும்மாதான்"னு சொல்லுங்க.