ஷீட் போட்டால் பிளான் வேண்டாமா?

கேள்வி: விழுப்புரம் நகராட்சி எல்லைக்குள் 2,400 சதுர அடி மனையில், 2016இல் முறையாக பிளான் அப்ரூவல் வாங்கி வீடு கட்டினோம். வங்கிக் கடன் இன்னும் முடியவில்லை. இப்போது வாசலில் கார் நிறுத்த, சுற்றுச்சுவர் வரை இரும்புத் தூண் நட்டு ஷீட் போட நினைக்கிறோம். மொட்டை மாடியில் கண்ணாடித் தடுப்பு வைத்து ஓர் அறை எடுக்கவும் ஆசை. "ஷீட்டுக்கும் கண்ணாடிக்கும் யாரும்மா பிளான் கேட்கப்போறாங்க?" என்கிறார் மேஸ்திரி. பக்கத்து வீட்டுக்காரரோ, "கை வைத்தால் கோர்ட்டுக்குப் போவேன்" என்கிறார். என்ன செய்வது?
- ஒரு வாசகி, விழுப்புரம்

பதில்: வாசல் ஷீட்டைப் பொறுத்தவரை, பக்கத்து வீட்டுக்காரர் பேச்சில் நியாயம் இருக்கிறது. மாடி அறைக்கு வழி உண்டு. இரண்டையும் ஒரே வேலையாக மேஸ்திரியிடம் ஒப்படைத்துவிடாதீர்கள்.

ஷீட், கண்ணாடி, ஃபேப்ரிகேஷன் என்று வந்துவிட்டால் அது கட்டடமே இல்லை என்றொரு நம்பிக்கை ஊர் முழுக்க இருக்கிறது. 1920ஆம் ஆண்டு மாவட்ட நகராட்சிகள் சட்டத்திலேயே, செங்கல், மரம், மண், உலோகம் என எதனால் கட்டினாலும், கொட்டகை உட்பட, கட்டடம்தான் என்று எழுதிவைத்துவிட்டார்கள். இன்று உங்களுக்குப் பொருந்துபவை தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகள், 2019. எதனால் கட்டினீர்கள் என்பதைவிட, எங்கே கட்டினீர்கள் என்பதுதான் இங்கே வழக்கைத் தீர்மானிக்கும்.

பழைய பிளானை எடுத்துப் பாருங்கள். வீட்டைச் சுற்றி முன்னும் பின்னும் பக்கவாட்டிலும் காலி இடம் காட்டியிருப்பார்கள். அதுதான் செட்பேக். பட்டா உங்கள் பெயரில்தான். ஆனாலும் அந்த இடத்தைத் திறந்து வைப்பதாக ஒப்புக்கொண்டுதான் அனுமதி வாங்கியிருக்கிறீர்கள். கூரையில்லாமல் அங்கே கார் நிறுத்தினால் யாரும் கேட்க முடியாது. தூண் நட்டுச் சுற்றுச்சுவர் வரை மூடினால் அது விதிமீறல். தூண் இல்லாமல் வீட்டுச் சுவரிலிருந்தே நீளும் போர்டிகோவுக்கு விதிகள் ஓரளவு இடம் தருகின்றன. அதுவும் எல்லையை விட்டுத் தள்ளியே முடிய வேண்டும். உங்கள் முன்வாசலுக்கு அது எத்தனை அடி வரும் என்பதைப் பதிவு பெற்ற பொறியாளர் அளந்து சொல்லட்டும்.

"எங்கள் தெருவில் எல்லோரும் போட்டிருக்கிறார்களே" என்று அடுத்துக் கேட்பீர்கள். என்னிடம் வருகிறவர்கள் தவறாமல் கேட்பது இது. நீதிமன்றத்தில் எடுபடாது. அடுத்தவர் சட்டத்தை மீறினார், எனக்கும் அதே உரிமை கொடுங்கள் என்று சமத்துவம் கோர முடியாது என்பதை உச்ச நீதிமன்றம் பலமுறை சொல்லிவிட்டது. வீட்டு வரி ரசீதும் காப்பாற்றாது. அனுமதியில்லாத பகுதிக்கும் நகராட்சி வரி வாங்கும். வாங்கியதால் அது சட்டப்படியான கட்டடம் ஆகிவிடாது.

மாடி அறைக்கு வருவோம். பொதுவான தளப்பரப்புக் குறியீடு இப்போது 2. உங்கள் மனைக்கு 4,800 சதுர அடி வரை கணக்கு வரும் என்பதால், பரப்பளவு தடையாக இருக்காது. கீழ்ச்சுவருக்கு வெளியே நீளாமல் அறையை எடுத்தால் செட்பேக் சிக்கலும் குறைவு. கூடுதல் கட்டுமானத்துக்கான வரைபடத்தோடு இணையவழி ஒற்றைச் சாளரத்தில் விண்ணப்பியுங்கள். 2,500 சதுர அடி வரையிலான மனையில் 3,500 சதுர அடி வரை வீடு கட்டுவோருக்காக 2024 ஜூலையில் அரசு சுயசான்று முறையைக் கொண்டுவந்தது. அதில் அனுமதி உடனே கிடைக்கும் என்று ஆசை காட்டுவார்கள். ஆனால் கையெழுத்துப் போடுகிறவர் நீங்கள். தவறான விவரம் தந்தால் அந்த அனுமதி நிற்காது.

அனுமதியில்லாமல் கட்டிவிட்டால் என்ன ஆகும்? பக்கத்து வீட்டுக்காரர் நகராட்சி ஆணையருக்கு மனு கொடுப்பார். நடவடிக்கை இல்லையென்றால் உயர் நீதிமன்றத்தில் ரிட் போடுவார். அவர் வீட்டு ஜன்னலுக்கு 20 ஆண்டுகளாகத் தடையின்றி வெளிச்சமும் காற்றும் வந்துகொண்டிருந்தால், 1882ஆம் ஆண்டு வசதியுரிமைச் சட்டத்தின் 15ஆம் பிரிவைக் காட்டி உரிமையியல் வழக்கும் தொடுக்கலாம். அவர் வீடு எந்த ஆண்டு கட்டியது என்று விசாரித்து வையுங்கள்.

நகர் ஊரமைப்புச் சட்டம், 1971இன் 56ஆம் பிரிவில் நோட்டீஸ் வந்தால், அதில் குறித்த கெடுவுக்குள் 49ஆம் பிரிவின்கீழ் அனுமதி கேட்டு விண்ணப்பிக்கலாம். விதிக்குள் அடங்கும் மாடி அறைக்கு இது உதவும். சுற்றுச்சுவரைத் தொடும் ஷீட்டுக்கு எப்படி உதவும்? 113-சி பிரிவு விலக்கும் 2007 ஜூலை 1க்கு முன் கட்டியவற்றுக்குத்தான். இடிப்பதற்கு முன் 15 நாள் நோட்டீஸ் கட்டாயம் என்று உச்ச நீதிமன்றம் 2024 நவம்பர் 13 அன்று சொன்னதைப் பலர் கவசமாக நினைக்கிறார்கள். அதே நீதிமன்றம் அடுத்த மாதமே, எத்தனை ஆண்டு கழிந்தாலும், எவ்வளவு செலவழித்திருந்தாலும் அனுமதியற்ற கட்டடத்தை முறைப்படுத்தச் சொல்ல முடியாது என்றது.

வீடு அடமானத்தில் இருப்பதால் வங்கிக்கும் எழுதித் தெரிவித்துவிடுங்கள். நாளை விற்கும்போது, வாங்குபவரின் வங்கி அனுப்பும் மதிப்பீட்டாளர் பிளானையும் வீட்டையும் ஒப்பிட்டுத்தான் அறிக்கை தருவார். வாசலை ஒட்டி மின்கம்பி போகிறதா என்றும் பாருங்கள். வீட்டு இணைப்புக்கு வரும் தாழ்வழுத்தக் கம்பியிலிருந்து பக்கவாட்டில் 1.2 மீட்டராவது தள்ளி இருக்க வேண்டும். இரும்பு ஷீட் விஷயத்தில் இது சட்டத்துக்கு மட்டும் பயப்பட வேண்டிய சங்கதி இல்லை.

அனுமதி கைக்கு வந்த பிறகும் பக்கத்து வீட்டுக்காரர் கோர்ட், கோர்ட் என்று சொல்லிக்கொண்டிருந்தால், உரிமையியல் நடைமுறைச் சட்டம் 148-ஏ பிரிவின்படி கேவியட் மனு போட்டுவையுங்கள். 90 நாள் வரை, உங்களுக்குத் தெரிவிக்காமல் அவர் இடைக்காலத் தடை வாங்க முடியாது. எந்தக் கூரை போட்டாலும் அதன் வாட்டத்தை உங்கள் மனைப் பக்கமே வைக்கச் சொல்லுங்கள். அவர் சுவரில் மழைத்தண்ணீர் விழுந்தால் அதற்கென்று தனி வழக்கு வரும். மேஸ்திரிக்கு அட்வான்ஸ், அனுமதி வந்த பிறகு.