பனிக்கால முகாமில் தூய்மை: உள்ளுறை வெப்பம் கற்பிக்க ஒரு வாய்ப்பு

அரையாண்டு விடுமுறையில் சாரண மாணவர்களை நீலகிரிக்கோ கொடைக்கானலுக்கோ முகாம் அழைத்துச் செல்லும் ஆசிரியர்கள் ஒன்றைக் கவனித்திருப்பார்கள். சமவெளியில் நாள்தோறும் குளிக்கும் பிள்ளைகள் அங்கே தண்ணீரைத் தொடவே தயங்குவார்கள். “குளிரில் வியர்ப்பதில்லையே, சார்” என்பார்கள். ஆனால் மேடு ஏறும்போது வியர்க்கிறது. அந்த ஈரம் உள்ளாடையிலும் காலுறையிலும் தங்கிவிடுகிறது. இரவில் அதே ஈரம் உடல் வெப்பத்தைக் கவர்கிறது. எனவே பனிக்கால முகாமில் தூய்மையின் முதல் பாடம், உலர்ந்திருப்பதே. இதனை எட்டாம் வகுப்பு ‘வெப்பம்’ பாடத்துடன் இணைத்து, முகாமுக்கு முன்பே கற்பிக்கலாம்.

செயல்பாடு

தேவையானவை: ஒரே அளவுள்ள மூன்று பருத்தித் துணிகள், உலர்ந்த துண்டு, தராசு.

மூன்றையும் நனைத்துக் கையால் பிழியச் செய்க. முதல் துணியை மடித்து வகுப்பறையில் வைக்கவும். இரண்டாவதைக் காற்றோட்டமான இடத்தில் விரித்துக் காயப்போடவும். மூன்றாவதைத் துண்டில் வைத்துச் சுருட்டி, அழுத்தி, பிறகு இரண்டாவதன் அருகில் விரிக்கவும். அரைமணிக்கு ஒருமுறை எடை பார்த்து, குழுக்கள் வரைபடம் வரையட்டும். துணி உலர வெயில் மட்டுமன்றி, பரப்பும் காற்றும் தேவை என்பதை மாணவர்களே கூறுவார்கள்.

கணக்கிடுவோம்

ஒரு கிராம் நீர் ஆவியாக ஏறத்தாழ 2,400 ஜூல் வெப்பம் வேண்டும். பனியனில் 100 கிராம் நீர் இருந்தால் 2,40,000 ஜூல். அதை உடலில் அணிந்தே உலர்த்தினால், அந்த வெப்பத்தில் பெரும்பகுதியை உடல்தான் கொடுக்க வேண்டும்.

முகாமில் கடைப்பிடிக்க

1. குளிக்க இயலாத நாளில் அரை வாளி வெந்நீரும் சிறு துணியும் போதும். முகம், அக்குள், தொடையிடுக்கு, பாதம் என்ற வரிசையில் துடைத்து, உடனே ஈரம் ஒற்ற வேண்டும்.
2. உள்ளாடை, காலுறைகளை மட்டும் காலையிலேயே துவைத்து, துண்டில் சுருட்டிப் பிழிந்து வெயிலில் போடவும். மாலைப் பனி இறங்குமுன் எடுத்துவிடவும்.
3. ஓடையில் சோப்பு போடக் கூடாது. நீரை மொண்டு, ஓடையிலிருந்து 60 மீட்டராவது தள்ளித் துவைத்து, அழுக்கு நீரை மண்ணில் பரவலாக ஊற்றவும்.
4. உறங்குவதற்கென ஓர் உலர்ந்த உடையும் காலுறையும் தனியே இருக்கட்டும்.
5. மாணவியருக்கு மறைவான இடம், வெந்நீர், மாதவிடாய்க் கால அணையாடைகள், அவற்றை அகற்ற மூடியுள்ள வாளி ஆகியவற்றை ஆசிரியை முன்கூட்டியே ஏற்பாடு செய்ய வேண்டும். கேட்கக் கூச்சப்பட்டு எந்தப் பிள்ளையும் சிரமப்படக் கூடாது.

மிக முக்கியமான எச்சரிக்கை

துணி காயவைக்கவோ குளிர்காயவோ கூடாரத்துக்குள்ளும் பூட்டிய அறையிலும் கரியடுப்பு வைக்கவே கூடாது. கரி எரியும்போது கார்பன் மோனாக்சைடு வெளிப்படுகிறது. அதற்கு நிறமில்லை, மணமில்லை. உறங்குபவர் உணராமலே உயிரிழக்க நேரிடும். இதனைப் பெற்றோர் கூட்டத்திலும் சொல்லிவிடுவது நல்லது.

மதிப்பீடு

1. துண்டில் சுருட்டிப் பிழிந்த துணி விரைவில் உலர்ந்தது ஏன்?
2. ஈரக் காலுறையுடன் உறங்கினால் கால் விறைப்பது ஏன்?
3. உங்கள் குழுவில் எட்டுப் பேர். மூன்று நாள் முகாமுக்குத் துவைக்கும் நேர அட்டவணை ஒன்று தயாரிக்கவும்.