சூறைப் பழமும் சீனி டப்பாவும்

தை 3-ஆம் தேதி எங்கள் திண்டுக்கல் மாவட்டச் சேவுகம்பட்டி சோலைமலை அழகர் பெருமாள் கோயிலில் வாழைப்பழம் சூறை விடுவார்கள். வேண்டுதல் வைத்தவர்கள் கூடை கூடையாகக் கொண்டுவந்து வீச, கூட்டம் துண்டை விரித்துப் பிடிக்கும். பிடித்தது பிரசாதம். அடிபட்டு வீடு வந்த பழம் ரெண்டே நாளில் தோல் கறுத்துப்போகும். பிள்ளைகள் தொடாது, சாமி பழத்தைக் குப்பையில் போடவும் மனசு வராது. அந்தக் கறுத்த பழத்தை என்ன செய்வது என்று யோசித்ததில்தான் என் சமையலறையில் சீனி டப்பா கொஞ்சம் கொஞ்சமாகப் பின்னுக்குப் போனது. அப்படியே முட்டை, மைதா, வெண்ணெய், உப்பு என்று மற்றவற்றுக்கும் மாற்று தேடியதில் கிடைத்தவை இந்தக் குறிப்புகள்.

1. கேக்கில் ஒரு கப் சீனி போடச் சொன்னால் அரை கப் மட்டும் போட்டு, நன்றாகக் கனிந்த பழம் ரெண்டை மசித்துச் சேருங்கள். தோல் கறுக்கக் கறுக்க மாவுச்சத்து இனிப்பாக மாறுகிறது. மஞ்சள் பழத்தில் அந்த இனிப்பு வராது. பழத்திலேயே ஈரம் இருப்பதால் பாலில் கால் கப்பைக் குறைத்துவிடுங்கள். இதை மறந்த அன்று எனக்குக் கேக்குக்குப் பதிலாகக் களி கிடைத்தது. பூவன் லேசாகப் புளிக்கும், ஒரு சிட்டிகை சமையல் சோடா கேட்கும். கற்பூரவல்லி நல்ல இனிப்பு. சிறுமலை வாழை கிடைத்தால் தயவுசெய்து கேக்கில் போடாதீர்கள்; அது உரித்து அப்படியே சாப்பிட வேண்டிய பழம்.

2. சாமி பழத்தோடு முட்டை சேர்க்கப் பெரியவர்கள் சம்மதிக்க மாட்டார்கள். சேர்க்கவும் வேண்டாம். மசித்த பழம் கால் கப் ஒரு முட்டையின் வேலையைப் பார்க்கும். பழ வாசனை பிடிக்காவிட்டால் ஆளிவிதைப் பொடி ஒரு மேசைக்கரண்டி, தண்ணீர் மூன்று மேசைக்கரண்டி கலந்து பத்து நிமிடம் வையுங்கள், கொழகொழவென்று ஆகும். ஆனால் முட்டையை நுரைக்க அடித்து உப்ப வைக்கிற ஸ்பாஞ்ச் கேக்குக்கு இது ரெண்டுமே உதவாது.

3. சீனிக்குப் பதில் நாட்டுச்சர்க்கரை போட்டால் சுகருக்கு நல்லது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். 100 கிராம் சீனியில் சுமார் 400 கலோரி என்றால் வெல்லத்தில் 380-ஐ ஒட்டி வரும். வெல்லத்திலும் கருப்பட்டியிலும் கொஞ்சம் தாது உப்பு இருக்கிறது, மணம் இருக்கிறது; சர்க்கரை நோயாளியின் ரத்தத்துக்கு மூன்றும் ஏறக்குறைய ஒன்றுதான். வாழைப்பழத்துக்கும் அவர்கள் கணக்குப் பார்க்க வேண்டும். ஆனால் பழத்தில் நார்ச்சத்து வருகிறது, சீனியில் அது இல்லை. கருப்பட்டியில் எனக்குத் தெரிந்த லாபம் ஒன்றுதான்: வாசனை தூக்கலாக இருப்பதால் குறைவாகப் போட்டாலே போதும்.

4. மைதாவைக் கோதுமை மாவாக்குவது ஒரே நாளில் வேண்டாம். முதலில் பாதிக்குப் பாதி. கோதுமை மாவு தண்ணீரை அதிகம் இழுக்கும். கப்புக்கு ஒன்றிரண்டு மேசைக்கரண்டி பால் கூடுதலாக விட்டு, கலந்த மாவைக் கால் மணி நேரம் ஊறவிட்டு வேகவையுங்கள். கேழ்வரகு மாவில் பிடிப்பு கிடையாது. அதை மொத்த மாவில் கால் பங்குக்கு மேல் போட்டால் கேக் உதிர்ந்துவிடும்.

5. வெண்ணெய் ஒரு கப் என்றால் எண்ணெய் முக்கால் கப் போதும். செக்குக் கடலை எண்ணெய் கேக்கில் வாசம் காட்டும், அதனால் சூரியகாந்தி நல்லது. டால்டாவை விட்டுவிடுங்கள். எண்ணெய், கொழுப்புகளில் டிரான்ஸ் கொழுப்பு 2 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்று 2022 முதல் இந்தியாவில் விதி இருக்கிறது. இருந்தாலும் வீட்டுச் சமையலுக்கு டால்டா என்ன அவசியம்? நெய்யை நிறுத்திவிட்டுத் தேங்காய் எண்ணெய்க்கு மாறுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை: நிறைவுற்ற கொழுப்பு நெய்யைவிடத் தேங்காய் எண்ணெயில்தான் அதிகம்.

6. குருமாவுக்கு முந்திரி அரைப்பதற்குப் பதில் பொட்டுக்கடலை. தேங்காயையும் பாதியாகக் குறைத்து, குறைத்த பாதிக்கு ரெண்டு ஸ்பூன் பொட்டுக்கடலையைச் சேர்த்து அரைத்தால் கெட்டியாகவே நிற்கும். ஆறினால் இன்னும் இறுகும், வெந்நீர் விட்டுக்கொள்ளுங்கள். ஹோட்டல் மாதிரி கிரீம் ஊற்றுகிற ஐட்டங்களுக்கு, துணியில் கட்டித் தொங்கவிட்ட தயிரை அடித்து, அடுப்பை அணைத்த பிறகு சேருங்கள். கொதிக்கும்போது ஊற்றினால் திரிந்துபோகும்.

7. பிரியாணியில் அரிசியை மாற்றாதீர்கள்! திண்டுக்கல் மாவட்டத்துக்காரி இதையும் சொல்லாவிட்டால் எப்படி? சீரகச் சம்பாவுக்கு அதன் வாசனையே பாதி மசாலா. எண்ணெயில் மூன்றில் ஒரு பங்கைக் குறையுங்கள், தட்டில் சோற்றைக் குறைத்துத் தயிர்ப் பச்சடியைக் கூட்டுங்கள். குதிரைவாலியில் செய்தாலும் நன்றாகத்தான் இருக்கும், ஆனால் அதற்குத் தக்காளிச் சோறு என்று பெயர் வையுங்கள். குதிரைவாலிக்குப் பொருத்தமான இடம் இட்லி மாவு: இட்லி அரிசியில் பாதியை எடுத்துவிட்டு இதைப் போட்டால் வீட்டில் யாருக்கும் தெரியாது.

8. உப்பு: ஒரு ஆளுக்கு ஒரு நாளைக்கு 5 கிராமுக்குள், அதாவது ஒரு டீஸ்பூனுக்குள் என்கிறது உலக சுகாதார நிறுவனம். இந்துப்பும் பெரும்பாலும் அதே சோடியம்தான். பொரியலில் கால் பங்கு உப்பைக் குறைத்து, இறக்கும்போது எலுமிச்சை பிழிந்தால் நாக்கு ஏமாறும். பொட்டாசியம் கலந்த ‘குறைந்த சோடியம் உப்பு’ சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களுக்கு ஆபத்து. பிரஷர் மாத்திரை சாப்பிடுகிறவர்களும் டாக்டரைக் கேட்காமல் வாங்க வேண்டாம்.

9. எண்ணெயில் பொரிக்கும் அப்பத்துக்குப் பதில் பணியாரக் கல். கோதுமை மாவு ஒரு கப், கேழ்வரகு மாவு கால் கப், மசித்த பழம் ரெண்டு, கால் கப் தண்ணீரில் கரைத்து வடிகட்டிய கருப்பட்டி கால் கப், ஏலக்காய் ரெண்டு, உப்பு ஒரு சிட்டிகை. இட்லி மாவு பதத்துக்குத் தண்ணீர் விட்டு, கால் மணி நேரம் வைத்து, குழிக்கு நாலு சொட்டு எண்ணெய் விட்டுச் சிறு தீயில் மூடிச் சுடுங்கள். தீ கூடினால் வெளியே கருகி உள்ளே மாவாக நிற்கும்.

10. இதற்கு மேலும் பழம் மீந்ததா? தோலை உரித்து, ரெண்டு ரெண்டாகக் கவரில் போட்டு ஃப்ரீசரில் வையுங்கள். தோலோடு உறைந்த பழத்தை உரிப்பது கஷ்டம். தையில் பிடித்த பழம் பங்குனி வரை வரும். இளகும்போது தண்ணீர் விடும். அதைக் கொட்டாமல் மாவிலேயே ஊற்றிக்கொண்டு, பாலை அந்த அளவுக்குக் குறையுங்கள்.